தாலியும் தஸ்தாவேஜும்

சாந்தன்பாறையைச் சுற்றியுள்ள ஏலக்காடுகளில் வேலை செய்வோரை ஏற்றிக்கொண்டு, போடிநாயக்கனூரிலிருந்து நாள்தோறும் ஜீப்புகள் மலை ஏறுகின்றன. போடிமெட்டில் ஒரு மாநிலம் முடிந்து மற்றொரு மாநிலம் தொடங்குகின்றது. காலையில் வந்து மாலையில் இறங்கிப் போவோர் உண்டு. தலைமுறை தலைமுறையாக மலைமேலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்வோரும் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. அன்று முதல் இம்மலைத் தமிழரும் வெளி மாநிலத் தமிழரே. ஆயினும், மேலே குடியிருப்பவன் கீழே பெண் எடுத்து அவளை அழைத்து வருவதற்கு எந்த அதிகாரியிடமும் மனுப் போட வேண்டியதில்லை. இந்திய அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு நாட்டின் எப்பகுதிக்கும் சென்று எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் அளித்திருக்கின்றது. பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் யாவரும் இந்த ஒரு பிரிவின் நிழலிலேதான் குடும்பம் நடத்துகிறோம். 2020-ஆம் ஆண்டில் கொள்ளை நோய்க் காலத்தில் மாநில எல்லையைக் கடக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனது. எல்லைக்கு இருபுறமும் சொந்தம் வைத்திருப்போருக்கு அந்தச் சில மாதங்கள் எத்தகையவை என்பது நினைவிருக்கும்.

பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்குச் செல்லும் அந்தச் சாலை, கொச்சியில் தொடங்கித் தனுஷ்கோடியில் முடியும் நெடுஞ்சாலையாக வெகு காலம் 49 என்னும் எண்ணைப் பெற்றிருந்தது. சாலை முடியும் இடத்தில் கடல். 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலிலும், பின்னர் மீண்டும் ரயிலிலுமாக நம் மக்கள் இலங்கைக்குப் போய்வந்தார்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளின் உழவர் குடும்பங்களே அப்பயணிகளில் பெரும்பாலோர். மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை உண்டு. கங்காணியின் கணக்கு உண்டு. ஆனால், “கூட வருகிறவள் உன் மனைவிதானா? அதற்கு ருசு என்ன?” என்று கேட்பார் அக்காலத்தில் இல்லை. தோட்டத்துரைக்கு வேண்டியது கொழுந்து பறிக்கும் கை. அது மனைவியின் கையாயினும் மகளின் கையாயினும் அவருக்கு ஒன்றே.

“ருசு என்ன?” என்ற கேள்வி முதலில் பெரிய அளவில் எழுந்தது வேறொரு கடற்கரையில். கடல் கடந்து வாழ்பவன் தன் குடும்பத்தை அழைத்துக்கொள்ள இக்காலத்தில் விஸா என்றும், சார்ந்தோர் அனுமதி என்றும் பல பெயர்களில் வழங்கும் சீட்டுகளின் மூலத்தைத் தேடினால் நாம் தென்னாப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கின்றது.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி ‘டிரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கென்று போனவர்களின் மக்கள், பேரர் காலத்தில் நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் நம்மவர் கணிசமாக வேரூன்றிவிட்டனர். வேரூன்றுவதைத்தான் அந்நாட்டு ஆட்சியாளர் விரும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று 1895-இல் நேட்டாலில் சட்டம் வந்தது. பின்னர் அவ்வரி அவர்களுடைய வளர்ந்த மக்கள்மீதும் விழுந்தது. ஆயினும் ஒருவன் தன் மனைவியை அழைத்துக்கொள்ளக் கூடாது என்று நேர்முகமாகச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை. அதை ஒரு தீர்ப்பு செய்தது.

கேப் மாகாணத்தில் குடியிருந்த ஹஸன் ஈசப் என்பவர் இந்தியாவில் தாம் மணந்த பாய் மரியம் என்னும் பெண்ணை அழைத்து வந்தார். அந்த அம்மையாரைக் கரையிறங்க விடவில்லை. வழக்கு கேப் டவுன் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1913-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி நீதிபதி ஸெர்ல் தீர்ப்பளித்தார். பலதார மணத்துக்கு இடந்தரும் ஒரு மதத்தின் முறைப்படி நடந்த விவாகம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் விவாகமே அன்று என்பது அதன் சாரம். ஒரே மனைவியுடன் ஆயுள் முழுதும் வாழ்ந்தவனாயினும் சரி, அவன் மதம் மற்றொருத்தியை மணக்க அனுமதிக்கின்றது என்ற அளவிலேயே அவனுடைய கலியாணம் கலியாணமல்லாமற் போயிற்று. வழக்காடியவர் முஸ்லிம், ஆனால் தீர்ப்பின் நியாயம் இந்துக்களுக்கும் பார்ஸிகளுக்கும் அப்படியே பொருந்தியது. அக்கினி சாட்சியாக நடந்த மணமும், ஊர் கூடிக் கட்டிய தாலியும், நிக்காஹ் ஏடும் ஒரே நாளில் செல்லாக் காசு ஆயின.

இத்தீர்ப்பின் கூர்மையை ஆண்களைவிடப் பெண்களே முதலில் உணர்ந்தார்கள் என்று நாம் சொல்லலாம். மனைவி அல்லள் என்றால், சட்டத்தின் பேச்சில் அவள் யார்? அந்த நாட்டில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பிள்ளை பெற்றவளும் இந்த வினாவுக்குத் தப்பவில்லை. அதுவரை சிறைக்கு அனுப்பப்படாதிருந்த பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது இதன்பின்னரே. கஸ்தூரிபா முதலியோர் நேட்டாலிலிருந்து எல்லை தாண்டினர். டிரான்ஸ்வாலில் டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பெண்களின் குழு ஒன்று எதிர்த்திசையில் நேட்டாலுக்குள் புகுந்தது. அவர்களில் ஏறத்தாழ எல்லாரும் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் அக்குழுவில் இருந்தனர். அவர்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சென்று பேச, 1913 அக்டோபரில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளரைக் கிளப்பியது பெரும்பாலும் அந்த 3 பவுன் வரி என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடம் போய் நின்று பேசிய பெண்கள், தாம் தம் கணவருக்கு மனைவியர்தாம் என்பதை நிலைநாட்டவே வந்தவர்கள். அப்பெண்கள் மூன்று மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றார்கள். நவம்பர் 6-ஆம் தேதி டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் புறப்பட்ட பெரும் பயணத்தில் 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் இருந்தனர் என்று காந்தியடிகள் கணக்குத் தந்திருக்கின்றார்.

ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த, தில்லையாடியைப் பூர்வீகமாக உடைய வள்ளியம்மை பதினாறு வயதில் சிறை சென்று, காய்ச்சலுடன் வெளிவந்து, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி உயிர் நீத்தாள். அவள் படத்தைப் பாடப் புத்தகங்களில் நாம் கண்டிருக்கிறோம். அவள் சிறைக்குப் போன காரணங்களுள் ஒன்று, கடல் கடந்து வந்த மனைவியைக் கரையிறங்க விடுவதா என்னும் ஒரு குடிபுகல் வழக்கு என்பதை அப்புத்தகங்கள் அத்துணை விளக்கமாகச் சொல்வதில்லை.

1914-ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. இந்திய மதங்களின் முறைப்படி நடந்த, ஒரே மனைவி உள்ள விவாகத்தை ஏற்றுக்கொண்டது. ஒருவன் ஒரு மனைவியையும் அவள் வயிற்றில் பிறந்த 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. வெற்றிதான், ஆனால் அந்த வெற்றியின் உள்ளே ஓர் அளவுகோல் இருந்தது. குடும்பம் என்றால் கணவன், ஒரு மனைவி, வயது வராத பிள்ளைகள். விதவைத் தாய், மணமாகாத தங்கை, அநாதையான அண்ணன் மகன் முதலியோர் நம் வழக்கில் குடும்பம், அச்சட்டத்தில் அந்நியர். இன்று உலகின் பெரும்பாலான விஸாச் சட்டங்கள் இதே சிறிய அளவுகோலையே கையாள்கின்றன.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1918-இல் லண்டனில் கூடிய சாம்ராஜ்ய மாநாட்டில் இந்த ஏற்பாடு பேரரசு முழுமைக்கும் ஒரு தீர்மானமாக வடிவம் பெற்றது. பிற பிரிட்டிஷ் நாடுகளில் நிலையாகக் குடியேறிவிட்ட இந்தியர் தம் மனைவியையும் மைனர் குழந்தைகளையும் அழைத்துக்கொள்ளலாம். ஒரு மனைவிக்கு மேல் கூடாது. வருபவள் சட்டப்படியான மனைவியே, வருவது சட்டப்படியான குழந்தையே என்று இந்திய அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் அத்தாட்சி தர வேண்டும். இந்த மூன்றாவது வாசகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதுவரை தாலிக்குச் சாட்சி ஊரார், இனிமேல் சர்க்கார். பதிவேடே இல்லாத கிராமத்தில், எழுத்தறியாத பெற்றோர் நடத்தி வைத்த கலியாணத்துக்குச் சர்க்கார் எதைக்கொண்டு அத்தாட்சி கொடுக்கும்? குடும்பங்கள் கச்சேரி வாசலில் காத்துக் கிடக்கும் வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது. தென்னாப்பிரிக்காவிலோ, அரிதிற் பெற்ற அவ்வுரிமையும் நிலைக்கவில்லை. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இந்தியாவிலிருந்து மனைவி மக்கள் வருவதை நிறவெறி அரசாங்கம் அநேகமாக அடைத்துவிட்டது.

இனி இலங்கைக்குத் திரும்புவோம். பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் போவதை 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி முதல் இந்திய அரசாங்கமே தடுத்தது. 1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டமும், வருவோர் செல்வோர் பற்றிய சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டாவது சட்டம் 1949 நவம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. நூற்றாண்டாக வழிநடையாகவும் கப்பலிலும் போய்வந்த மக்கள் அன்று முதல் பாஸ்போர்ட்டும் விஸாவும் இல்லாமல் அக்கடலைக் கடத்தல் குற்றமாயிற்று. ஊருக்கு வந்திருந்த மனைவி, கணவன் இருக்கும் தோட்டத்து லயத்துக்குத் திரும்ப விஸா வேண்டும்.

ஆனால் விஸாவைவிடப் பெரிய கண்ணி குடியுரிமை விண்ணப்பத்தில் இருந்தது. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடிகள் சட்டம், 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்னர் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இலங்கையில் தொடர்ந்து வசித்திருந்தால் பிரஜையாகப் பதிவு பெறலாம் என்றது. அத்துடன், மணமானவனின் மனைவியும் மைனர் குழந்தைகளும் இலங்கையிலேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். ஏட்டில் பார்க்கும்போது இது நியாயமான நிபந்தனை போலத் தோன்றும். நம் வீட்டு வழக்கத்தை அறிந்தவர்களுக்கோ இதன் கடுமை உடனே விளங்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்து அழைத்துப் போனால், பிள்ளை பிறந்து, பால்குடி ஓரளவு தேறி, கப்பலுக்கு நல்ல நாள் பார்த்துப் புறப்படுவதற்குள் ஆண்டு ஒன்று எளிதில் ஓடிவிடும். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, தம்பிக்குக் கலியாணம், நிலத் தகராறு, மழை பெய்து விதைப்புக்கு ஆள் வேண்டும் என்று தங்கும் காரணங்கள் மேலும் எத்தனையோ. இவை எவையும் ஒரு குடும்பம் பிரிந்துவிட்டதற்கு அடையாளம் அல்ல. ஒரு குடும்பம் இரண்டு ஊர்களில் உயிரோடு இருக்கின்றது என்பதற்கே அடையாளம். சட்டமோ, மனைவி எங்கே இருக்கிறாளோ அங்கேதான் கணவனின் மனம் இருக்கின்றது என்று கணித்தது. அவள் பிரசவத்துக்கு வந்த மாதங்கள் அவன் அந்நியன் என்பதற்குச் சாட்சியாயின.

1951-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கெடு முடிந்தபோது சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. பதிவு பெற்றவர் முடிவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியவர்கள் எந்த நாட்டின் பிரஜையும் அல்லாதவர்கள். ‘கள்ளத்தோணி’ என்ற சொல், சட்டத்துக்கு மாறாகப் படகேறியவரைக் குறிப்பதாகத் தொடங்கி, மூன்று தலைமுறை அங்கேயே வாழ்ந்தவனையும் ஏசும் சொல்லாகப் பரவியது. 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்படிக்கையிலும் களவாகக் குடிபுகுவதைத் தடுப்பதே முன்னிடம் பெற்றது.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சொத்தைப் பாகம் பிரிக்கையில் மாடு கன்றுகளைப் பிரிப்போம்; தாயையும் கன்றையும் பிரிக்கத் தயங்குவோம். இங்கே அந்தத் தயக்கமும் குறைவாகவே இருந்தது. வயது வந்த பிள்ளை தனி விண்ணப்பதாரன். தகப்பனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் மகனுக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்த லயங்கள் பல. அக்கா ஒரு நாட்டுக்கும் தங்கை மற்றொரு நாட்டுக்கும் உரியவர் ஆனார்கள். திரும்புவோரை ஏற்றிக்கொண்டு மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு, அங்குள்ளோர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தனர். கோச்சி என்பது அவ்வூர்த் தமிழில் ரயில்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன்னே, 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. 1984-இல் அதுவும் நின்றது. வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தில் புனலூரிலும் கர்நாடகத்தில் சுள்ளியாவிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் கேரளத்திலும் கர்நாடகத்திலும் அமர்ந்தவர்கள் நம்மைப் போலவே வெளி மாநிலத் தமிழர் ஆயினர். ஆனால் உடன்பிறந்தாரின் சாவுக்குப் போவதற்கும் விஸா எடுக்க வேண்டியவர்கள். தந்தி கிடைத்து, சீட்டு வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் கருமாதியும் கழிந்துவிடும். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. 1948-லிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள்.

மலாயாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், கதை ஒன்றே. 1953 ஆகஸ்டு முதல் தேதி அங்கே புதிய குடிபுகல் சட்டம் நடைமுறைக்கு வந்து, புதியவர் வரும் வழி மிகவும் குறுகியது. குடியிருப்போரின் மனைவி மக்களுக்கு மட்டும் வாசல் சற்றுத் திறந்திருந்தது. 1959-இல் அதுவும் ஒடுங்கியது. கணவரைப் பிரிந்து தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்த மனைவியர் இனி வர இயலாது என்றனர். பணம் அனுப்பிய கணவனும், அதை வாங்கிக் கடன் அடைத்து நிலம் மீட்ட மனைவியும் பிரிந்து வாழ்பவர்கள் என்று எண்ணப்பட்டார்கள்.

இக்காலத்தில் மதமும் மணமுறையும் அவ்வளவாக வாசலில் நிறுத்துவதில்லை. அவற்றின் இடத்தில் சம்பளம் வந்து நிற்கின்றது. சிங்கப்பூரில் கட்டட வேலை அனுமதிச் சீட்டில் உழைக்கும் தமிழ் இளைஞர் தம் மனைவியைச் சார்ந்தோராக அழைத்துக்கொள்ள இயலாது; மாதம் 6,000 வெள்ளியும் அதற்கு மேலும் பெறும் உயர்தர அனுமதிச் சீட்டுக்காரர் அழைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் மனைவியையோ கணவனையோ அழைப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுன் இருந்தால் போதும் என்று 2012-இல் வகுத்தனர். 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக உயர்த்தினர். அமெரிக்காவில் பிரஜையானவர் உடன்பிறந்தாருக்கு மனுச் செய்யலாம். சகோதரனையும் குடும்பம் என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அது. ஆனால் இந்தியருக்கு அந்த வரிசையில் காத்திருப்பு 15 ஆண்டுகளுக்கும் மேல்.

எந்த நாடாயினும் முதலில் கேட்கும் காகிதம் விவாகப் பதிவுச் சான்றே. நம் நாட்டில் இக்காகிதம் கட்டாயமானது மிக அண்மையில். சீர்திருத்த, சுயமரியாதைத் திருமணங்களுக்கே தமிழகத்தில் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் முழு அங்கீகாரம் கிடைத்தது. எல்லா மதத்தினரின் விவாகங்களும் பதிவாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லியபின், கேரளம் 2008-இல் பொது விதிகளையும் தமிழகம் 2009-இல் தனிச் சட்டத்தையும் செய்தன. அதற்கு முன்னர் மணந்தவர்களின் கையில் பெரும்பாலும் அழைப்பிதழும் புகைப்படமுமே இருக்கும்.

ஏலமலையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாப்பிள்ளை வீடு சாந்தன்பாறையில். கலியாணம் பெண் வீட்டு வழக்கப்படி போடியிலோ சின்னமனூரிலோ நடந்திருக்கும். குடியிருக்கும் பஞ்சாயத்தில் போய்க் கேட்டால் அங்கே பதிவு செய்ய முடியாது. கேரள விதிகள் கேரளத்தில் நடந்த மணங்களுக்கே உரியவை. மணம் தமிழகத்தில் நடந்ததாகையால் தமிழகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் இறங்க வேண்டும்.  மற்றொன்று, பெயர். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றில் முதலெழுத்தோடு ஒரு பெயர். கேரள ரேஷன் கார்டில் மலையாள எழுத்தில் ஒரு பெயர். அதிலிருந்து ஆங்கிலத்தில் ஏற்றிய பாஸ்போர்ட்டில் வேறொரு பெயர். மூன்றும் ஒருத்தியே என்று வெளிநாட்டுத் தூதரகத்தாருக்குத் தெரிய நியாயமில்லை. பெயர்கள் ஒத்திருந்தால், விவாகச் சான்றை மாநில அரசிடம் சரிபார்த்து, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெறலாம். அம்முத்திரையை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையில் சேராத நாடுகளுக்குப் போவதாயின், அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் தனியே வேண்டும்.